வேங்கை மரப் பொந்தின் வாசல்காரிகள்

வேங்கை மரப் பொந்தில் தேனீக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. வாசலில் செங்காலியும் அவள் கூட்டாளிகளும் காவல் இருந்தார்கள். யார் வந்தாலும் முகர்ந்து பார்ப்பார்கள். அதோடு விடமாட்டார்கள், வாயையும் கிளறுவார்கள்.

பொன்வரிக்கு இதுதான் பிடிக்காது. தேன் கொண்டுவருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"வாடி பொன்வரி! எந்தப் பக்கம் போயிட்டு வர்றே?"

"ஓடைப் பக்கம். வழியை விடுக்கா!"

"ஓடையிலே தண்ணி ஓடுதா, நிக்குதா?"

"நான் தேன் எடுக்கப் போனேனா, தண்ணி பார்க்கப் போனேனா?"

"றெக்கை சுடுதே! வெயில் அதிகமோ?"

"நீயே வெளியே வந்து பாரேன்! உட்கார்ந்த இடத்திலேயே ஊர்க்கதை கேட்கிறே!"

காவல்காரிகள் சிரித்தார்கள். பொன்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலை ஒட்டிச் சில தேனீக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்பு வெயில் கொளுத்தியபோது சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர வைத்தவர்கள் அவர்கள்.

"இவங்க ஏன் இங்கே தூங்குறாங்க?"

"மறுபடி வெயில் அடிச்சா தேடி அலைய முடியுமா?" என்றாள் செங்காலி.

"நல்ல சாக்கு!"

பொன்வரி நேராக ராணியிடம் போனாள். "வாசல்னா ஒரு ஓட்டை! ஓட்டைக்கு எதுக்கம்மா இத்தனை பேர்?"

ராணி முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "குளவி வந்தா?"

"கொட்டுறதுக்கு ரெண்டு பேர் போதும்!"

"சரி, செய்."

வாசலில் இரண்டு பேரை மட்டும் விட்டுவிட்டு, செங்காலியும் மற்றவர்களும் மெழுகு சுரண்டக் கூட்டின் கோடிக்குப் போனார்கள். தூங்கியவர்களையும் பொன்வரி அங்கேயே விரட்டினாள். அன்று காலை தேன் வந்து கொட்டியது. நின்று பதில் சொல்லும் தொல்லை யாருக்கும் இல்லை. பொன்வரிக்குத் தலைகால் புரியவில்லை.

நண்பகலில் வெயில் மரத்தைச் சுட்டது. பொன்வரி திரும்பி வந்தபோது உள்ளே மெழுகு உருகும் வாசனை. அடைகள் இளகித் தொங்கின. அவற்றில் கண் திறவாத புழுக்குஞ்சுகள் இருந்தன. எல்லாம் அவள் தங்கைகள்!

இருட்டுக்குள் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் இருந்தார்கள். ஊட்டுகிறவர்கள் ஊட்டினார்கள், கட்டுகிறவர்கள் கட்டினார்கள். எல்லோருக்கும் எல்லா வேலையும் தெரியும். இப்போது எது வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

"விசிறுங்க! தண்ணி கொண்டாங்க! அடையைப் பிடிங்க!" என்று பொன்வரி கத்தினாள்.

எல்லோரும் எல்லாவற்றையும் செய்தார்கள். ஆளுக்கொரு திசையில் விசிறியதில் அனல் உள்ளேயே சுழன்றது. தண்ணீருக்குக் கிளம்பியவர்கள் வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

பொன்வரி கோடிக்கு ஓடினாள். "செங்காலிக்கா! வாங்கக்கா!"

"ஓட்டையைப் பார்க்க ரெண்டு பேர் இருக்காங்களே?"

"கேலி பண்ற நேரமாக்கா? குஞ்சுங்க சாகப் போகுது!"

செங்காலி அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். "தண்ணி எங்கேடி இருக்கு?"

"ஓடை வத்திப்போச்சு. பாறை இடுக்கிலே கொஞ்சம் நிக்குது."

செங்காலி கத்தவில்லை. தொட வேண்டியவர்களை மட்டும் தொட்டாள். சிலரைப் பாறைக்கு அனுப்பினாள். "நீங்க சும்மா இருங்க. இப்போ அதுதான் வேலை!" என்று அடை கட்டுகிறவர்களை அடக்கினாள். பழைய விசிறிக்காரிகளைக் கூட்டத்துக்குள் தேடிப் பிடித்து வாசலில் ஒரே பக்கம் பார்க்க நிறுத்தினாள். தொட்டதுமே அவர்கள் சிறகு சுழன்றது. அனல் வெளியேறியது.

ஆனால் அவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் ஓர் அடை அறுந்து விழுந்துவிட்டது. அதிலிருந்த குஞ்சுகள் பிழைக்கவில்லை.

பொன்வரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "வாசல்னா வெறும் ஓட்டைன்னு நினைச்சேன்க்கா."

செங்காலி அவளருகே வந்தாள். "உன் உடம்பையே எடுத்துக்கோ. ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளேயும் உட்கருன்னு ஒரு அறை இருக்கு. எல்லா வேலைக்குமான மரபணுவும் அங்கேதான் இருக்கு. அந்த அறைச் சுவரிலே துளைகள். துளைக்குத் துளை புரதங்கள் காவல். போறது வர்றதைப் பார்க்கிறதோட அதுங்க விடாது. சிலது உள்ளேயே போய் வேண்டிய மரபணுவை எழுப்பிவிடும், வேண்டாததை அடக்கி வைக்கும். ஒரு தடவை எழுந்த சில மரபணுக்களை வாசல் பக்கத்திலேயே வெச்சிருக்கும், அடுத்த தடவை சட்டுன்னு எழுப்ப."

"இதெல்லாம் யாருக்கா உனக்குச் சொன்னது?"

"வாசல்லே நின்னா வராத சேதி உண்டா!"

உள்ளே எத்தனை திறமை உறங்கினாலும், வேளை அறிந்து அதைத் தொட்டு எழுப்ப வாசலில் ஒருவர் வேண்டும்.