கோமளத்தைக் குளிப்பாட்டும் சீட்டு

“தாயே, கடைசி ஆளா நின்னு சீட்டு எடுக்க இனிமே என்னால முடியாது,” என்றார் சிற்றம்பலம். கக்கத்தில் துணிமூட்டை இருந்தது.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதில் மடத்துக்கு வந்த சீடர் அவர். குரு உலகம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மடத்தில் சீடர்கள் நான்கு பேர். யானை ஒன்று. அதன் பெயர் கோமளம்.

கோமளத்துக்குக் குளிக்கப் பிடிக்காது. போன வைகாசியில் அது தும்பிக்கையால் ஊதிய ஊதில், முதுகு தேய்க்கப் போன சீடர் அடுத்த ஊர்ச் சந்தையில் போய் விழுந்தார். வந்தது வந்தாயிற்று என்று இரண்டு கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினார். நான் பொய் சொல்வதில்லை. அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டேன்.

ஆகவே வெள்ளிதோறும் சீட்டு. மூன்று ராஜா, ஒரு இஸ்பேட் ஆஸ். குரு கலைத்துக் கவிழ்த்து வைப்பார். மடத்தில் சேர்ந்த வரிசைப்படி ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்ததைத் திருப்பி வைக்கக் கூடாது. ஆஸ் வந்தவருக்குக் கோமளம்.

கடைசியாகச் சேர்ந்தவர் சிற்றம்பலம்.

“முப்பது வருஷம் ஓடற பஸ்ல தலை எண்ணினவன் நான். முதல் ஆளுக்கு நாலுல ஒண்ணுதான் ஆபத்து. அவர் ராஜா எடுத்துட்டா அடுத்தவருக்கு மூணுல ஒண்ணு. அப்புறம் ரெண்டுல ஒண்ணு. எனக்கு? மிஞ்சறது ஒரே சீட்டு. தப்ப வழியே இல்ல.”

முதல் இடம் தராவிட்டால் பதினொன்றரை பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னார். அவருடைய முதுகெலும்பு இன்னொரு வெள்ளியைத் தாங்காதாம்.

முதல் ஆளே ஆஸ் எடுத்த நாள் உண்டா என்று கேட்டார் குரு.

உண்டு என்று ஒப்புக்கொண்டார் சிற்றம்பலம்.

“அன்னிக்கு நீங்க?”

“நிம்மதியா நின்னேன்.”

குரு மற்ற மூவரையும் கூப்பிட்டார். நான்கு சீட்டையும் கலைத்தார். யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. தாமே ஆளுக்கொன்றாகக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் உள்ளங்கையை வைக்கச் சொன்னார்.

வைத்தார்கள்.

வெளியே கோமளம் ஒருமுறை பிளிறியது.

“ஐயா, முதல் இடம் உங்களுக்குத்தான். திறங்க.”

சிற்றம்பலம் சீட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தார். நகம் அங்கேயே நின்றது. மற்ற மூன்று கைகளையும் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

“கடைசியாத் திறந்தா?”

குரு அவர் கைக்கு அடியில் இருந்த அதே சீட்டை விரலால் காட்டினார்.

சிற்றம்பலம் நகத்தை எடுத்தார். கக்கத்து மூட்டையைக் கீழே வைத்தார். காலை நீட்டி, தூணில் சாய்ந்துகொண்டார்.

“அவங்க திறக்கட்டும் தாயே.”

அடுத்த வெள்ளி, சீட்டு எடுக்கும் நேரம் வந்தும் அவரைக் காணோம். தேடிப் போனார்கள். மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினார்கள்.

“மிச்சம் இருக்கறது என்னுதுதானே,” என்றார், கண்ணைத் திறக்காமல். “பக்கத்துல வெச்சிட்டுப் போங்க.”