தவசி வாங்கிய கேமரா

கதை முடிந்ததும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு கண் அசந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லக் கூடாது.

திருநெல்வேலிப் பக்கம் தவசி என்று ஒருவர் இருந்தார். கல்யாண வீடுகளில் போட்டோகிராபருக்கு லைட் பிடிப்பது அவர் வேலை. லைட் பிடிக்கிறவர் எப்போதும் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். வெளிச்சம் மணவறைக்கு, அவருக்குக் கடைசிப் பந்தி. தலை நரைத்த பிறகும் ஒரு கேமராவை அவர் கையில் யாரும் நம்பிக் கொடுத்ததில்லை. அந்த ஏக்கம் அவருக்கு நிறையவே உண்டு; சொன்னால் சிரிப்பார்கள் என்று வெளியே சொன்னதில்லை.

அவர் தெருவில் சூடாமணி என்று ஓர் அம்மாள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு சிறுநீரகம் இரண்டும் பழுதாகி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். இனித் தேற மாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லியாயிற்று. பார்க்கப் போன தவசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கல்யாணத்துக்கு நீங்களே படம் எடுங்க. மத்ததெல்லாம் எப்படி விழுந்தாலும் சரி. எம் பிள்ளை கழுத்துல தாலி ஏறுறதை மட்டும் எனக்குக் காட்டிருங்க."

காட்டுகிறேன் என்று தவசி வாக்குக் கொடுத்துவிட்டார். கேமராவுக்கு எங்கே போவது என்று ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதுதான் யோசித்தார்.

புதிது வாங்க வழியில்லை. வாடகைக்குக் கேட்டால் லைட் பிடிக்கிற ஆளுக்குக் கொடுக்க யாருக்கும் மனசில்லை. கடைசியில் ஜங்ஷன் பக்கம் ஆவுடையப்பன் என்பவர் பழைய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினார். விலை கட்டுப்படியாகிற விலைதான்.

"வீட்டுத் தோட்டத்துல பூவும் குருவியும் எடுத்தது அண்ணாச்சி. வெளியவே கொண்டுபோனதில்ல" என்றார் ஆவுடையப்பன்.

தவசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் படும் இடத்தில் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கழுத்தில் மாட்டும் வாரில் சந்தனமும் குங்குமமும் ஊறிப்போன கறை. குருவி யாருக்காவது சந்தனம் பூசுமா? கல்யாணம் கல்யாணமாக மாடாய் உழைத்த கேமரா இது என்று தவசிக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். மாட்டிய பிறகு கழற்ற மனம் வரவில்லை.

அடிமனசு மட்டும் அரித்துக்கொண்டே இருந்ததால், கொஞ்ச நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, கேமரா பழுதுபார்க்கும் மீரான் பாயிடம் கொண்டுபோனார். பாய் லென்சைக் கழற்றி, ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் ஷட்டர் தகட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"அண்ணாச்சி, இந்த ஷட்டர் இருக்கே..."

"பாய், நல்ல காரியத்துக்கு வாங்குதேன். தடங்கலா ஒரு வார்த்தை சொல்லிராதீங்க."

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவரை எங்கே போகிறீர்கள் என்றுகூடக் கேட்க மாட்டோம். பாயும் இந்த ஊர்க்காரர்தான். வாயை மூடிக்கொண்டு லென்சைத் துடைத்துக் கொடுத்தார், அதற்குக் கூலிகூட வாங்கவில்லை. அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு தவசி கேமராவை வாங்கிவிட்டார்.

கல்யாணத்தன்று புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். பெண்ணை மணவறைக்கு அழைத்து வரும்போது கேமரா ஒரு முறை சிக்கி நின்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினார், உயிர் வந்தது. பயமாக இருந்தது, ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

கைபேசியில் கேமரா வரத் தொடங்கியிருந்த காலம் அது. தாலி கட்டும் நேரம் நெருங்கியதும், பெண்ணின் தாய்மாமனும் சித்தப்பா மக்களும் ஆளுக்கொரு கைபேசியை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"யாரும் மறைக்காதீங்க. எல்லாம் நான் எடுத்துக்கிடுதேன், பின்னால போங்க!" என்று தவசி அதட்டினார். அதட்டிவிட்டு மணவறைக்கு நேர் நடுவில் போய் நின்றார்.

கெட்டிமேளம் முழங்கியது. அமுக்கினார். உள்ளே சடக்கென்று ஏதோ ஒடிந்தது. மறுபடி அமுக்கினார், அசையவில்லை. பின்னாலிருந்து தாய்மாமன், "அண்ணாச்சி, கொஞ்சம் ஒதுங்குங்க" என்று கத்தினார். தவசி ஒதுங்கவில்லை. செத்த கேமராவைக் கண்ணில் வைத்தபடி, படம் எடுக்கிறவரைப் போலவே, மூன்று முடிச்சும் விழும்வரை அங்கேயே நின்றார்.

மாலையும் கழுத்துமாக மகள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். சூடாமணி தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஏறும்போது எம் பிள்ளை முகம் எப்படி இருந்துச்சு? காட்டுங்க" என்றாள். கேமரா ரிப்பேர் என்று சொல்லி, கைபேசிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை. இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் முழங்கை, அந்தப் பக்கம் பட்டுச்சேலையின் ஓரம்.

"இது யாரு முதுகு?" என்று கேட்டாள் சூடாமணி.

கட்டில் பக்கத்தில் நின்ற தவசி ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தார். அந்த வாரம் தாண்டாமல் அவள் போய்விட்டாள்.

இப்போது சொல்லுங்கள். பொய் சொல்லி விற்றவர் ஒருவர். கண்டும் சொல்லாமல் விட்டவர் ஒருவர். தெரிந்தே வாங்கியவர் ஒருவர். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அந்தத் தாய் பார்க்காமல் போனதற்கு எது காரணம்: விற்றதா, சொல்லாததா, வாங்கியதா?

விடை: மூன்றும் இல்லை. ஆவுடையப்பன் சொன்ன பொய்யைத் தவசி நம்பவே இல்லையே, பிறகு ஏமாந்தார் என்று எப்படிச் சொல்வது? பாயின் வாயை அடைத்தவரும் அவர்தான். வாங்கியதால் போனதோ அந்தக் கேமராவின் படம் மட்டும். ஷட்டர் ஒடிந்ததும் ஓர் எட்டு ஒதுங்கியிருந்தால், அத்தனை கைபேசிகளில் ஒன்றிலாவது அந்தப் பிள்ளையின் முகம் விழுந்திருக்கும். காலமெல்லாம் ஓரமாக நின்ற மனுஷனுக்கு அன்றைக்கு ஒதுங்க முடியவில்லை. இந்த விடை தவசிக்கும் தெரியும். இப்போதும் லைட்தான் பிடிக்கிறார். தாலி கட்டும் நேரம் வந்தால் சுவர் வரைக்கும் பின்னால் போய்விடுகிறார். வெளிச்சம் போதவில்லை, முன்னால் வாரும் என்று போட்டோகிராபர்கள் திட்டுகிறார்கள். அவர் வருவதில்லை.