ரெண்டு பக்கமும் கொம்பு

"டேபிள் இருக்கு. ஆனா இல்லைங்குது."

பொன்னுரங்கம் வந்து நின்ன கோலத்தைப் பார்த்தா, வீட்டு வாசக் கதவையே யாரோ கழட்டிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

பௌசியா ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தக் கம்பெனியில டேட்டாபேஸ்ல யாருக்குச் சிக்கல்னாலும் அவங்க மேஜைக்குத்தான் வரணும். பொன்னுரங்கத்தைவிட ரொம்பச் சின்னவங்க. முதுகுக்குப் பின்னாடி எல்லாரும் 'குரு'ம்பாங்க. முகத்துக்கு நேரா சொன்னா முறைப்பாங்க.

"யாரு இல்லைங்குறது?"

"டேட்டாபேஸ்தாம்மா. 'பேஷன்ட்'னு ஒரு டேபிள். டயாலிசிஸ் சென்டர்ல யாரு எப்ப வரணும்னு எல்லாம் அதுலதான் இருக்கு. என் லேப்டாப்ல ஜம்முனு ஓடுது. சர்வர்ல போட்டா..."

பொன்னுரங்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தலையைத் தூக்காம, ரேஷன் கடைக்காரர் குரல்ல சொன்னாரு: "அப்படி யாரும் இங்க இல்ல. அடுத்து!"

பௌசியா சிரிக்கல.

"சர்வர்ல டேபிள் கட்டுனது யாரு?"

"இருதயராஜ், நம்ம ராசுதான். கம்ப்யூட்டர்ல புகார் டிக்கெட் போட்டுக் கேட்டேன். பதில் கேளுங்க." இப்போ இருதயராஜ் குரல், தொண்டையில கோழி எலும்பு மாட்டுன மாதிரி. "'டேபிள் உள்ளது. படம் இணைப்பு. டிக்கெட் மூடப்பட்டது.' படத்தைப் பார்த்தா நெசமாவே இருக்கும்மா! அவன் கேட்டா வருது. நான் கேட்டா இல்லையாம். பூட்டு போட்டு வெச்சிருக்கான்."

அந்த இருதயராஜ் எதிர் வரிசையிலதான் உக்காந்திருந்தாரு. எட்டிக் கூப்பிட்டா கேக்கும். கூப்பிடுற வழக்கம் அங்க இல்ல. எல்லாம் டிக்கெட்டுதான்.

"நாளைக்குக் காலையில சென்டர்ல நம்ம சாஃப்ட்வேர் ஓடணும். தடங்கல் யாராலன்னு மூணு மணிக்குள்ள மேனேஜருக்கு ஒரு பேர் வேணுமாம். மெயில் ரெடி. அனுப்புனா ராசு இந்த மாசத்தோட வீட்டுக்கு."

"அனுப்பியாச்சா?"

"இல்ல. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

பௌசியா ஒரு சுளையை நீட்டுனாங்க. வாங்கிக்கிட்டாரு.

"டேட்டாபேஸ்கிட்ட என்ன கேட்டீங்க?"

"பேஷன்ட் டேபிளைக் குடுன்னு."

"நீங்களா கேட்டீங்க?"

"நான் எங்க கேக்குறது? நடுவுல துபாஷி மாதிரி ஓ.ஆர்.எம்.னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கே. நான் என் பாஷையில சொல்லுவேன். அது டேட்டாபேஸ் பாஷையில கேட்டு வாங்கிட்டு வரும்."

"அது என்னன்னு கேட்டுச்சு?"

"நான் சொன்னதைத்தான்."

"பக்கத்துல நின்னு கேட்டீங்களா?"

பொன்னுரங்கம் சுளையை மென்னாரு.

பௌசியா அவரோட லேப்டாப்பை இழுத்தாங்க. ஒரே ஒரு இடத்துல எதையோ மாத்தி, சர்வரோட சேர்த்து ஓட விட்டாங்க. ஓ.ஆர்.எம். டேட்டாபேஸ்கிட்ட பேசுறதெல்லாம் அப்படியே ஸ்கிரீன்ல விழுந்துச்சு.

பேஷன்ட். இங்கிலீஷ்ல, முதல் எழுத்து பெரிய P. அவரு எழுதுனதேதான். ஆனா ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி.

"இந்தக் கொம்பு ரெண்டும் நான் போடலையே!"

"ம்."

பௌசியா கொம்பை எடுத்துட்டு, அதே பேரைக் கையால அடிச்சாங்க. டேபிள் வந்துச்சு.

கொம்போட அடிச்சாங்க. இல்லைன்னுச்சு.

"சும்மா கேட்டா, இந்த டேட்டாபேஸ் பெரிய எழுத்தையெல்லாம் தானே சின்னதாக்கிக்கிட்டுத் தேடும். குறிக்குள்ள போட்டுக் கேட்டா, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும்."

"அப்ப என் லேப்டாப்ல எப்படி ஓடுச்சு?"

"அங்க டேபிளைக் கட்டுனதே உங்க ஓ.ஆர்.எம். குறி போட்டுக் கட்டுச்சு, குறி போட்டுக் கேக்குது. இங்க இருதயராஜ் கையால கட்டுனாரு. குறி போடல. சின்ன p-யா உக்காந்துருச்சு."

"பூட்டு இல்லியா?"

"இல்ல."

"நம்ம 'அ'வுக்கு இந்தப் பெரியவன் சின்னவன் தகராறே கிடையாது"ன்னு முனகுனாரு. அப்புறம் மணியைப் பாத்தாரு. "அப்ப யாரு பேரைம்மா எழுதுறது?"

"அந்த மெயிலைப் படிங்க."

"படிச்சா?"

"வாய்விட்டு."

பொன்னுரங்கம் நிமிர்ந்து உக்காந்து, டிவியில செய்தி வாசிக்கிற குரல்ல ஆரம்பிச்சாரு.

"'திரு. இருதயராஜ் அவர்கள் டேபிளை வேண்டுமென்றே முடக்கி வைத்து, நமது திட்டத்தைச் சீர்குலைக்கும் நோக்கத்துடன்...'"

பாதியில குரல் இறங்கிருச்சு. எதிர் வரிசையில ஒரு தலை நிமிர்ந்துச்சு.

"நீங்களா எழுதுனீங்க?"

"இல்லம்மா." இப்ப வேற யாரு குரலும் இல்ல, அவரு சொந்தக் குரல்தான். "'டேபிள் கிடைக்கல, ராசு பூட்டு போட்டிருப்பானோ என்னமோ'ன்னுதான் ஏ.ஐ.கிட்ட சொன்னேன். அது எழுதிக் குடுத்துச்சு."

பௌசியா மேஜை மேல கெடந்த தோலையெல்லாம் கூட்டி அள்ளி, குப்பைக்கூடையில போட்டாங்க. கை கழுவப் போயிட்டாங்க.

பொன்னுரங்கம் மெயிலை அழிச்சாரு.

ரெண்டு விரலால, தானே, மேனேஜருக்கு அடிச்சாரு: நீங்க கேட்ட பேர் பொன்னுரங்கம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்.

அப்புறம் பழக்கதோஷத்துல புது டிக்கெட் ஒண்ணைத் திறந்தாரு. 'பேஷன்ட் டேபிள்'னு அடிச்சாரு. கொஞ்ச நேரம் அதையே பாத்தாரு. மூடிட்டாரு.

எந்திரிச்சு எதிர் வரிசைக்குப் போயி நின்னாரு.

"ராசு, உன் டேபிள் பேரை மாத்துறதா, என் புரோகிராமை மாத்துறதா?"

இருதயராஜ் அவரை மேலயும் கீழயும் பாத்தாரு. பக்கத்து நாற்காலியில வெச்சிருந்த ஹெல்மெட்டை எடுத்துக் கீழ வெச்சாரு.

"என்னண்ணே, டிக்கெட் போடலியா?"