எதிரணிக்கும் பிடித்த நட்சத்திரம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கோமளவல்லிக்குப் பயமாக இருந்தது. தனிக்கட்டையான அவளுக்குக் கூடைப்பந்து அரங்கைக் கூட்டும் வேலையும், ஆட்டம் பார்க்கும் மூலை இருக்கையும்தான் துணை. சக வீரர்களுக்குப் பந்தே தராமல் தானே எறிந்து வீணாக்கும் நட்சத்திரம் ரோஷனை அவள் குறை சொன்னது அணி முதலாளி காதுக்கு எட்டிவிட்டது.

"எல்லார் முன்னாடியும் அவனைப் புகழ்ந்து பேசும்மா. புகழலைன்னாலும், பொய்யாப் புகழ்ந்தாலும் நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் அவர், வீரர்களை எல்லாம் கூட்டி வைத்து.

"ரோஷன் தம்பி மாதிரி யாரு இருக்கா முதலாளி? அவர் கைக்குப் பந்து போனா எதிரணிக்காரங்களே சந்தோஷப்படுறாங்க."

முதலாளி பெருமையாகத் தலையாட்டினார். சக வீரர்கள் சிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பொய் என்று சொல்லவும் வழியில்லை.

அடுத்த ஆட்டத்தில் கோமளவல்லி மூலை இருக்கையை விட்டு, எதிரணி ரசிகர்கள் நடுவே போய் உட்கார்ந்தாள். ரோஷன் பந்தைப் பிடித்தபோதெல்லாம் அவர்கள் கைதட்டினார்கள். முகம் தெரியாத அவர்களோடு சேர்ந்து அவளும் பயமில்லாமல் தட்டினாள்.