அழித்த நட்சத்திரங்கள்

ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது.

ஏழு வருட வேலை. உப்பளத் தொழிலாளர்களின் கண்பார்வை பற்றியது. எழுதியவர் கோயில்பிச்சை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். வயது ஐம்பத்தொன்று. வழிகாட்டிப் பேராசிரியர் மெஹருன்னிசா அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவர். ஆகவே குரு சீடரை சார் என்பார். சீடர் குருவை மேடம் என்பார்.

வெளியூர்த் தேர்வாளர் ஒரு கடிதம் வைத்திருந்தார். தரவு சரி. முறை சரி. ஆனால் இவர் யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. கீழே, தான் தடுமாறிய பக்கங்களின் எண்கள். திருத்தித் தர ஒரு மாதம். மறுபடியும் திரும்பினால் பதிவு ரத்து. ஏழு வருடமும் போச்சு.

கோயில்பிச்சை கடிதத்தை மேஜையில் போட்டார்.

"ஆய்வுன்னா பேசுறதா மேடம்? கண்டதை அறிவிக்கிறது. படிக்கிறவன் படிச்சுக்கட்டும்."

"யாரு அந்தப் படிக்கிறவன்?"

"யாரோ."

"அதான் திரும்பி வந்திருக்கு."

கோயில்பிச்சை கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "சரி. படிக்கிறவரோட எப்படிப் பேசுறது? சொல்லுங்க, செஞ்சிடறேன்."

"முதல் புரூஃப் இருக்கா?"

"இருக்கு. பின்பக்கத்துல வினாத்தாள் எழுதிக்கிட்டிருக்கேன்."

"எடுத்துட்டு வாங்க."

மறுநாள் கொண்டுவந்தார். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டிடிபி கடையில் தட்டச்சு வேலை பார்க்கும் சொர்ணக்கிளி அடித்தது. வரிகளுக்கு நடுவே அங்கங்கே ஒரு நட்சத்திரக் குறி.

"இது என்ன சார்?"

"அந்தம்மா கை தவறி அடிச்சது. நாப்பத்தொரு இடம். கடைசிப் பிரதியில எல்லாத்தையும் நான்தான் உட்கார்ந்து அழிச்சேன்."

"நாப்பத்தொரு தரமா கை தவறும்?"

மெஹருன்னிசா தேர்வாளர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"அவர் குறிச்ச பக்கத்தைப் படிங்க. புரூஃபைப் புரட்டுங்க."

பன்னிரண்டு. அங்கே ஒரு நட்சத்திரம். பத்தொன்பது. அங்கேயும். முப்பத்து நான்கில் இரண்டு. ஆறாவது எண்ணுக்குமேல் கோயில்பிச்சை வாய்விட்டுப் படிக்கவில்லை.

"அந்தம்மா பிளஸ் டூ, மேடம். இவர் பெரிய பேராசிரியர்."

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல தடுக்கியிருக்காங்க."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"கடைக்குப் போங்க. அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்க."

போனார். சொர்ணக்கிளி அவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"பிழையா அண்ணாச்சி? குடுங்க, மாத்தித் தாரேன்."

"பிழை என்கிட்ட. இந்த நட்சத்திரம் எதுக்கு வச்சீங்க?"

அவர் தயங்கினார். "புரியலைன்னா வைப்பேன். கேட்டா ஆய்வாளருங்க கோவிச்சுக்கிடுவாங்க."

"இப்ப கேளுங்க."

சொர்ணக்கிளி முதல் நட்சத்திரத்தில் விரலை வைத்துப் படித்தார். "'ஒளிமிகைச் சூழலின் விளைவாகப் பார்வைச் சோர்வு மிகுதியாக நிலவுவது அறியப்படுகிறது.' இதை யாரு அறிஞ்சா?"

"நான்தான்."

"போய்ப் பாத்தீகளா?"

"நாலு கோடை உப்பளத்துல நின்னேன்."

"அப்ப ஏன் ஒளிஞ்சுக்கிட்டீக?"

"ஆய்வுல ஆள் தெரியக்கூடாதும்மா."

"நீங்க முன்னால நடக்கலைன்னா நான் யாரு பின்னால வாரது?"

கோயில்பிச்சை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய வரியைப் பேனாவால் கோடிட்டுவிட்டு, புதிதாகச் சொல்லத் தொடங்கினார். சொர்ணக்கிளி அடித்தார்.

'உப்பளத்தில் நண்பகலில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். கண்ணைத் திறக்க முடியாது. நான் பேசிய அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தெட்டுப் பேர் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.'

விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"மிச்சம் பதினாலு பேரு?"

"அது அடுத்த இயல்ல வருது."

"எனக்குத் தெரியாதே. இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

சொன்னார். 'மற்றப் பதினான்கு பேர் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த இயலில் அவர்களிடம் போவோம்.'

இரண்டாம் வாரம் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது. ஒரு கிழவர் பேரன் முகம் தெரியாமல் அழுததை உருக்கமாகச் சொன்னார். சொர்ணக்கிளி அடித்து முடித்து, ஒரு நட்சத்திரம் வைத்தார்.

"இதுலயுமா?"

"எத்தனை பேரு அழுதாங்க அண்ணாச்சி?"

"ஒருத்தர்."

"படிச்சா எல்லாரும் அழுத மாதிரி இருக்கே."

கோயில்பிச்சை 'அறுபத்திரண்டு பேரில் ஒருவர்' என்று சேர்த்தார்.

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி இங்கேயே வேலைக்குச் சேந்துட்டாக போல." அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு நாள். கல்லூரி விட்டதும் நேரே கடை. நாற்பத்தொரு நட்சத்திரமும் போயிற்று. இந்தத் தடவை அழித்தது சொர்ணக்கிளி, ஒவ்வொன்றாக, தலையை ஆட்டிவிட்டு.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஏடு பல்கலைக்கழக அலுவலகத்தில் ஏறியது.

வாய்மொழித் தேர்வுக்கு யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். பொதுவாக யாரும் கேட்பதில்லை. மிக்சரும் காபியும் முடிந்தால் கலைந்துவிடுவார்கள். அன்றும் அப்படித்தான் இருந்தது.

தேர்வாளர் ஏட்டை மூடினார்.

"அட்டவணை ஒண்ணும் மாறலை. முடிவும் மாறலை. ஆனா நான் கேட்க நினைச்ச இடத்திலெல்லாம் யாரோ எனக்கு முன்னாடியே கேட்டிருக்காங்க. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

கோயில்பிச்சை கைகூப்பினார்.

தேர்வாளர் மெஹருன்னிசா பக்கம் திரும்பினார். "நல்லா திருத்த வச்சிருக்கீங்க, மேடம்."

"நான் நாற்காலி மட்டும்தான் சொன்னேன்."

"அப்ப திருத்தினது யாரு?"

மெஹருன்னிசா பின்வரிசையைப் பார்த்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்த ஒரு பெண், சாவிக்கொத்து மடியில், மிக்சர்த் தட்டு கையில்.

"கொஞ்சம் எழுந்திருங்க, சொர்ணக்கிளி."