மைனா கொண்டுவந்த ‘ஆர்’

கோடையில் காய்ந்து கிடந்த காடு ஒன்றில் ஒரு மானும் ஒரு மந்தியும் தோழிகளாக இருந்தன. மந்தி மரத்திலிருந்து பழம் உதிர்க்கும். மான் கீழே நின்று தின்னும். புலி வாடை அடித்தால் மான் குரல் கொடுக்கும். மந்தி குட்டியை அணைத்துக்கொண்டு உச்சிக்கு ஏறிவிடும்.

அந்த வருடம் ஆறு வற்றிவிட்டது. யானை ஒன்று மணலைத் தோண்டி ஊற்று கண்டது. தன் கூட்டம் குடித்து முடித்ததும் மைனாவைக் கூப்பிட்டு, மானையும் மந்தியையும் காலையில் வந்து குடிக்கச் சொல்லி அனுப்பியது.

மைனாவின் கூடு காட்டோரத்துப் பயணியர் விடுதியில் இருந்தது. அங்கே வருகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசும்போது இரண்டு பெயர்களுக்கு நடுவே சில வேளை ‘அண்ட்’ போடுவார்கள், சில வேளை ‘ஆர்’ போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று மைனா நினைத்திருந்தது.

“மான் ஆர் மந்தி, காலையில் ஊற்றுக்கு வரலாம்” என்று இருவரிடமும் மிடுக்காகச் சொன்னது.

“ஆர் என்றால் என்ன?” என்று மான் கேட்டது.

தெரியாது என்று சொல்ல மைனாவுக்கு வெட்கமாக இருந்தது. விடுதிச் சமையற்காரர் ‘டீ ஆர் காபி’ என்று கேட்டுவிட்டு ஒரே ஒரு கோப்பையை நீட்டியது நினைவுக்கு வந்தது.

“இரண்டில் ஒருவர் மட்டும்” என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

மந்தியின் குட்டி வறண்ட மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. மான் அதைப் பார்த்தது. சினையாக இருந்த அதற்கும் நாக்கு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குட்டை இருக்கிறது, நான் அங்கே போகிறேன் என்று மந்தியிடம் பொய் சொல்லிவிட்டு, ஒரு புதருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

மறுநாள் வெயில் உச்சிக்கு ஏறியது. மானுக்குக் கண் இருட்டியது. மந்தி இந்நேரம் குடித்திருக்கும் என்ற நினைப்பு ஒன்றே ஆறுதல்.

யானை தேடி வந்து, தும்பிக்கையால் தொட்டு எழுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்டது.

“ஒருவருக்குத்தானே தண்ணீர்? மந்தி பிள்ளைக்காரி. அவள் குடிக்கட்டும் என்று விட்டேன்.”

“அவளும் வரவில்லையே. இப்போதுதான் அவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன். நீ சொன்ன குட்டை வற்றியது அவளுக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு நீ குடிக்கவேண்டும் என்று மரத்திலேயே சுருண்டு கிடக்கிறாள்.”



பக்கத்துக் கிளையில் இருந்த மைனா மெல்லச் சொன்னது: “யானை உங்கள் இருவரையும்தான் கூப்பிட்டது. அர்த்தம் தெரியாமல் நான்தான் ஒருவரைக் கழித்துவிட்டேன்.”

யானை அதட்டவில்லை. மானைத் தாங்கி நடத்திக்கொண்டு போனது. மைனா பறந்துபோய்க் கூப்பிட, மந்தியும் குட்டியோடு தள்ளாடி வந்து சேர்ந்தது. தோழிகள் இருவரும் முகத்தோடு முகம் உரச, ஒரே ஊற்றில் குடித்தார்கள்.

மைனா தள்ளி ஒரு கல்லின்மேல் தலை குனிந்து நின்றது. மான் சற்று ஒதுங்கி அதற்கும் இடம் விட்டது.

நீதி: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே.