காப்புக் கட்டுன மாப்பிள்ளையும் வெறச்சுப்போன காரும்

ஒரு மலை ஊர்ல ஒரு சித்தப்பாரு இருந்தாரு. பேரு ராக்கியப்பன். கால்ல வெந்நீரக் கொட்டிக்கிட்டவராட்டம் எப்பவும் ஓட்டந்தான். காப்பி ஆறக்கூட விடமாட்டாரு, நாக்கச் சுட்டுக்கிட்டே குடிப்பாரு. உங்கப்பனாட்டமேதான். என்ன கண்ணு, "ம்" சொல்லு.

அவரோட அண்ணன் செத்ததும், அண்ணன் மகன் நடேசன அவருதான் தோள்ல போட்டு வளத்தாரு. அந்த நடேசனுக்குத் தை மாசம் கல்யாணம். பொண்ணு ரங்கநாயகி, மலைக்குக் கீழ மேட்டுப்பாளையத்துல. பொண்ணோட அப்பா நேரங்காலம் பாக்கறதுல ரொம்பக் கறாரு. "இந்த முகூர்த்தம் தப்புனா, இவங்க ஜாதகத்துக்கு அடுத்தது வைகாசியிலதான்"னு சொல்லிப்புட்டாரு.

அப்போ, கல்யாணத்தன்னிக்கு விடியக்காலம். பனின்னா பனி, புல்லெல்லாம் வெள்ளையாக் கெடக்குது. வாசல்ல நடேசனோட அம்பாசிடர் காரு வெறச்சு நிக்குது. தெனமும் அவன்தான் ஓட்டறவன். ஆனா கையில காப்பு கட்டியாச்சே. காப்பு கட்டுன மாப்பிள்ளை வண்டியத் தொடலாமா? ஆகாது. அதனால சித்தப்பாருதான் ஏறி உக்காந்து சாவியத் திருகுனாரு. கிர்ர்ர்... கிர்ர்ர்... டொக்.

"சித்தப்பா, பொறுமையா, மொதல்ல சோக்க இழுங்க"ன்னான் நடேசன் பின் சீட்டுல இருந்து. சோக்குங்கறது, குளுருல எஞ்சினக் கெளப்பறதுக்கு இழுக்கற குமிழு. "சோக்காவது ஒண்ணாவது, நேரமாச்சுடா"ன்னு சித்தப்பாரு ஆக்சிலேட்டர மிதி மிதின்னு மிதிச்சாரு. பெட்ரோல் கண்டபடி ஊத்தி, வாசல் பூரா நாத்தம். காரு மூச்சே விடல.

அப்புறம் அத்தைக்காரி ஒருத்தி, குளிப்பாட்டுன புள்ளைக்குப் போடறாப்புல காருக்கும் சாம்பிராணிப் பொகை போடலாம்னு தணலோட வந்தா பாரு. "ஐயோ அத்தை, பெட்ரோல் நாத்தத்துல நெருப்பா? எல்லாரும் வெந்து போவோம்"னு நடேசன் அவள உள்ள வெரட்டுனான்.

அப்புறம் சொந்தக்காரங்க தள்ளுனாங்க. ஐலசா, ஐலசா. எறக்கத்துல காரு உருண்டுச்சு, டுப்டுப்டுப்னு உயிர் வந்துச்சு. வந்ததுதான் தாமதம், சித்தப்பாரு விர்ர்ர்னு மிதிச்சுக் கெளப்பப் பாத்தாரு. ஒரே ஒதறு, டொக். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கல.

சித்தப்பாருக்கு அழுகையே வந்திருச்சு. வளத்த புள்ளையோட கல்யாணத்த நானே கெடுத்துட்டனேன்னு ஸ்டியரிங்கு மேல தலைய வச்சுக்கிட்டாரு.

அப்போ நடேசன் முன்னால குனிஞ்சு, "நான் கையிலதானே தொடக்கூடாது, வாயில சொல்லலாமில்ல? சொல்றேன், செய்ங்க. குளுருக்குத் தேங்காண்ணெ ஒறையறாப்புல உள்ள ஆயிலு கெட்டியாக் கெடக்கு. எஞ்சின் ஓடி, அது எளகி மேல ஏறற வரைக்கும் மிதிக்கக்கூடாது"ன்னான்.

மொதல்ல சும்மா இருக்கச் சொன்னான், ஊத்துன பெட்ரோல் காயணுமில்ல? சும்மா இருக்கறது சித்தப்பாருக்கு எத்தனை பாடு தெரியுமா? தொடைக்கு அடியில கைய வச்சுக்கிட்டு உக்காந்தாரு. அப்புறம் லைட்டு, ரேடியோ எல்லாம் அணைச்சு, சோக்கக் கொஞ்சமா இழுத்து, திருகுனாரு. கிர்ர்ர்... கிர்ர்ர்... டுப். டுப்டுப்டுப்.

"மிதிக்காதீங்க"ன்னான். மிதிக்கல. ஊரே "கெளம்பு, கெளம்பு"ங்குது. அவரு பல்லக் கடிச்சுக்கிட்டு, நடேசன் சொல்லச் சொல்ல சோக்க மெல்ல மெல்ல உள்ள தள்ளுனாரு. ஒதறல் அடங்கி, காரு குர்ர்ர்னு பூனையாட்டம் ஓடுச்சு. அப்புறந்தான் கெளம்புனாங்க. மொத வளைவெல்லாம் நட வேகம், சூடேறுனதும் ஜம்முன்னு போச்சு.

என்ன, கண்ணு சொருகுதா? தாலி கட்டறதப் பாக்காமத் தூங்கிருவியா?

முகூர்த்தம் முடிய இத்துனூண்டு நேரம் இருக்கறப்பப் போயிச் சேந்தாங்க. டும்டும்டும், தாலி ஏறிருச்சு. ஆனா சித்தப்பாரக் காணோம். தேடுனா, வாசல்ல எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்கற காருக்குள்ள அட்சதையும் கையுமா உக்காந்திருக்காரு. அணைச்சா மறுபடி கெளம்பாதோன்னு பயம். வளத்த புள்ளை தாலி கட்டறதப் பாக்கவேயில்ல, பாவி மனுசன்.

மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் வெளிய வந்து கால்ல விழலாம்னா, காலு காருக்குள்ள. ரங்கநாயகி ஜன்னல் வழியாக் கைய விட்டுச் சாவியத் திருகி அணைச்சா. "எஞ்சின் சூடா இருக்குதுங்க மாமா, இனி ஒரே திருகுல வந்துரும். எறங்குங்க. நீங்க அட்சதை போடாம நாங்க சாப்பிடமாட்டோம்"னா.

எறங்குனாரு. அழுதுக்கிட்டே போட்டாரு, அரிசி பாதி தலையில, பாதி தரையில. அன்னிக்குப் பந்தியில எல்லாருக்கும் கடைசியா, பாயசத்த ஆற வச்சுக் குடிச்சிட்டு எந்திரிச்சவரு அவருதான்.

அவ்வளவுதான் கண்ணு, கதை வீடு வந்து சேந்திருச்சு. போர்வைய இழுத்துக்க, தூங்கு.